திகதியை மாத்த ஏலாதெண்டால் மலையை மாத்துங்கோ

வட்ஸ்அப்பில் சுற்றுகிற மலையேற்ற அறிவித்தல்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மேலே, முகிலுக்குள் நிற்கிற ஒரு பாறை உச்சி. கீழே, சனி ஞாயிறு திகதி. ஆளுக்கு இவ்வளவு காசு. முற்பணம் இவ்வளவு, அது திருப்பித் தரப்படமாட்டாது. ரீசேட் அளவைச் சொல்லவும். கடைசி வரியில், பெருமையாக: மழை வந்தாலும் பயணம் நிற்காது.

அந்தக் கடைசி வரியோடுதான் எங்களுக்குச் சண்டை.

அது வீரம் இல்லை. திட்டமிடாமல் விட்டதை மறைக்கிற வசனம். என்ன சாப்பாடு, எந்த வான், ரீசேட் என்ன நிறம் எண்டு ஒரு மாதத்துக்கு முதலே முடிவெடுக்கிறவர்கள், அந்தப் பயணத்தில் ஆளைக் கொல்லக்கூடிய விசயத்தை மட்டும் "போய்ப் பாப்பம் மச்சான்" எண்டு விட்டுவிடுகிறார்கள். காலநிலையைச் சரியாகச் சொல்ல ஏலாது என்பது உண்மை. அதனால்தான் அதற்குத் திட்டம் வேணும். நிச்சயமாகத் தெரிந்த விசயத்துக்கு யார் திட்டம் போடுவான்?

நாங்கள் மலை ஏறுவதற்கு எதிரான ஆக்கள் இல்லை. ஏறுகிறவர்கள். இன்னும் கன பேர் ஏறவேணும், குறிப்பாக வீட்டு வாசலைத் தாண்டவே அனுமதி கேட்க வேண்டியிருக்கிற பிள்ளைகள் ஏறவேணும் எண்டு நினைக்கிறவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பாறையும் மழையும்

பாறையேற்றம் எண்டவுடன் கயிறு, ஆணி, தலைக்கவசத்தோடு செங்குத்துச் சுவரில் தொங்குகிற ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். எங்கட நாட்டில் அப்படி ஏறுகிறவர்கள் சின்ன வட்டம். எங்களைப் போன்றவர்கள் ஏறுவது, காட்டுப் பாதையில் தொடங்கி கடைசியில் கையையும் காலையும் ஊன்றித் தவழவேண்டிய மொட்டைப் பாறையில் முடிகிற மலைகள். மீமுரே கிராமத்துக்கு மேலே நிற்கிற லக்கேகல அப்படிப்பட்டது. சீகிரியாவுக்குப் பக்கத்தில் இருக்கிற பிதுரங்கல, சின்னதாக இருந்தாலும், உச்சிக்குக் கிட்ட அப்படிப்பட்டதுதான். இந்த இடங்களில் பெரும்பாலும் கயிறு இருக்காது. இருக்கிறதெல்லாம் சப்பாத்தின் அடிக்கும் பாறைக்கும் இடையில் இருக்கிற உராய்வு மட்டும்.

மழை முதலில் எடுத்துக்கொண்டு போவது அந்த உராய்வைத்தான். மலைநாட்டின் பாறை மிகப் பழையது, கடினமானது, மழைக்குக் கரையாது. ஆனால் அதன்மேல் படிந்திருக்கிற பாசி நனைந்தால் சவர்க்காரம் மாதிரி. ஏறும்போது காய்ந்திருந்த அதே பாறை, இறங்கும்போது நனைந்திருந்தால் அது வேறொரு பாறை. ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம் எண்டு மலை ஏறின எல்லாருக்கும் தெரியும். மழையோ கூடுதலாக நாங்கள் இறங்குகிற நேரத்தில், பின்னேரத்தில்தான் வரும்.

கயிறு கொண்டு போறவர்களுக்கும் ஒரு சொல். நனைந்த நைலோன் கயிறு, காய்ந்த கயிறு தாங்குகிற அளவு விழுகையைத் தாங்காது. பாரமும் கூடும், கையிலும் வழுக்கும். கடையில் வாங்கின சாதாரண மூட்டை கட்டுகிற கயிறு மழையிலும் உதவாது, வெயிலிலும் உதவாது. அது ஏறுவதற்குச் செய்த சாமானே இல்லை.

அடுத்தது மின்னல். மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் எங்கட நாட்டில் இடைப்பருவ மழைக் காலம். காலையில் நல்ல வெயில், மத்தியானம் முகில் கூடும், இரண்டு மணிக்குப் பிறகு இடியும் மழையும். மொட்டைப் பாறை உச்சியில் நிற்கிற ஆள்தான் அந்த இடத்திலேயே உயரமான பொருள். மின்னலைப் பார்த்து முப்பது செக்கனுக்குள் இடி கேட்டால், அது பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கட தலைக்கு மேலேயும் விழலாம். பாறைக்குக் கீழே ஒதுங்கினால் காணும் எண்டு நினைப்பதும் பிழை. ஆழமில்லாத பாறை ஒதுக்கில் மின்சாரம் பாறை வழியாக ஓடிவந்து, ஒதுங்கி நிற்கிறவனின் உடம்புக்குள்ளால் பாயலாம்.

குளிரையும் ஆரும் கணக்கில் எடுப்பதில்லை. நூறு மீற்றர் உயர உயர வெப்பம் அரைப் பாகைக்கு மேல் குறையும். யாழ்ப்பாணத்தில் முப்பது பாகையில் பஸ் ஏறுகிற ஆள், 1,800 மீற்றர் உயரத்தில் நிற்கும்போது ஏறக்குறைய இருபது பாகைக்குள் நிற்கிறார். மழையில் நனைந்து, காற்றும் அடித்தால் உடம்பு நடுங்கத் தொடங்கும், பிறகு கை விறைக்கும், பிறகு யோசனை மந்தமாகும். விறைத்த கையால் பாறையைப் பிடிக்க ஏலாது. மந்தமான யோசனையால் திரும்பவேணும் எண்டும் யோசிக்க ஏலாது.

கடைசியாக, ஆறு. காலையில் முழங்காலளவில் கடந்த ஓடை, மேலே எங்கேயோ பெய்த மழையால் பின்னேரம் நெஞ்சளவில் வரும். நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு துளியும் விழாமலே இது நடக்கும். மலையில் காணாமல் போனார்கள், இரவு முழுக்கத் தேடினார்கள் எண்டு வருகிற செய்திகளைப் பாருங்கோ. கன இடங்களில் ஆக்கள் விழுந்திருக்கமாட்டார்கள். இருட்டும், பனிமூட்டமும், கடக்க ஏலாத ஒரு ஓடையும்தான் அவர்களைப் பிடித்து வைத்திருக்கும்.

போனில் வருகிற முகில் படம்

"ஆனா ஆப்பில வெயில் எண்டுதானே காட்டினது?"

போனில் வருகிற அந்தச் சின்ன முகில் படத்துக்குப் பின்னால் இருப்பது உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் பார்க்கிற கணினி. ஒரு கட்டம் பல கிலோமீற்றர் அகலம். அந்தக் கட்டத்துக்குள் ஒரு மலையின் மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும், பள்ளத்தாக்கும் உச்சியும் எல்லாம் ஒண்டாகப் போய்விடும். எங்கட நாட்டிலோ ஒரு மலையின் இரண்டு பக்கமும் இரண்டு நாடு மாதிரி.

இது புதுசாகக் கண்டுபிடித்த விசயம் இல்லை. எங்கட ஊர்களில் காற்றுக்கே பெயர் இருக்கிறது. சோளகம், வாடை, கொண்டல், கச்சான். மே தொடக்கம் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, அந்தப் பக்கம் இறங்கி வரும்போது காய்ந்த காற்றாக வருகிறது. அதைத்தான் மட்டக்களப்பில் கச்சான் என்கிறார்கள். மட்டக்களப்பில் கச்சான் வீசி முகம் எரிகிற அதே நாளில் ஹட்டன் பக்கம் மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும். டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று கிழக்குச் சரிவை நனைக்கும். நக்கிள்ஸ் மலைத்தொடர் இரண்டு பருவத்திலும் மழை வாங்குகிற இடம்.

சிவனொளிபாத மலையின் யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியோடு முடிவதையும் பாருங்கோ. அதற்குப் பக்தி மட்டும் காரணம் இல்லை, காற்றும் ஒரு காரணம். அந்தக் காலத்துக்கு வெளியே போனால் படியில் விளக்கு இல்லை, கடை இல்லை, மழை மட்டும் இருக்கும். நூற்றாண்டுகளாக ஏறுகிறவர்கள் ஏறாத மாதங்களையும் குறித்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் இன்ஸ்டகிராமில் படம் வந்த மாதத்தைப் பார்த்துத் திகதி வைக்கிறோம்.

சரி, எதைப் பார்க்கவேணும்? வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை தமிழிலும் வருகிறது. அது மாகாணம், மாவட்டம் எண்டு சொல்லும். எத்தனை மணிக்குப் பிறகு மழை, எத்தனை மில்லிமீற்றர் வரை, இடி மின்னல் இருக்கா எண்டு சொல்லும். அதைவிட முக்கியமானது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிற மண்சரிவு எச்சரிக்கை. மஞ்சள் எண்டால் அவதானமாக இரு. செம்மஞ்சள் எண்டால் வெளியேறத் தயாராக இரு. சிவப்பு எண்டால் வெளியேறு. இருபத்துநாலு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டி மழை பெய்தாலே சரிவுகளைக் கவனிக்கவேணும் எண்டுதான் அவர்கள் சொல்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த எச்சரிக்கை மலையின் பெயரில் வராது, பிரதேச செயலகப் பிரிவின் பெயரில்தான் வரும். மீமுரே போறவனுக்கு மீமுரே தெரியும், லக்கேகல தெரியும். அது கண்டி மாவட்டத்தில் உடுதும்பர பிரிவு எண்டு தெரியாது. உடுதும்பரவுக்குச் செம்மஞ்சள் எண்டு செய்தியில் வாசித்தாலும், அது தனக்கு வந்த செய்தி எண்டு அவனுக்கு விளங்காது. அறிவித்தல் போடுகிறவர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய விசயம் இல்லை. ரீசேட் நிறம் எழுதுகிற இடத்தில் பிரதேச செயலகப் பிரிவின் பெயரையும் எழுதுங்கோ.

ஏன் திரும்ப ஏலாமல் இருக்கிறது?

தெரியாமல் போறவர்கள் ஒரு பக்கம். ஆனால் நாங்கள் கண்டது வேறு. கன பேருக்குத் தெரியும். மலையடிவாரத்தில் நின்று மேலே கறுத்த முகிலைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறார்கள். ஏன்?

முதலாவது, காசு. முற்பணம் திருப்பி வராது எண்டால், மழைக்குப் பயந்து நிற்கிறவன் காசை இழக்கிறான், மழையில் ஏறுகிறவன் இழக்கவில்லை. ஆபத்தில் ஏறுவதற்கு இப்படி ஒரு சலுகை வைத்துவிட்டு, பிறகு "அவையள்தானே விருப்பத்தில ஏறினவை" எண்டு சொல்வது பொய்.

இரண்டாவது, நாள். இது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. காசும் நேரமும் இருக்கிறவன் "அடுத்த கிழமை போவம்" எண்டு சொல்லலாம். புடவைக் கடையில் வேலை செய்கிற ஒருத்திக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை லீவு கிடைப்பதே பெரிய பாடு. வீட்டில் ஒரு இரவுக்கு மட்டும் அனுமதி வாங்கின பிள்ளைக்கு, அந்த இரவு போனால் அடுத்த அனுமதி எப்ப எண்டே தெரியாது. "திகதியை மாத்துங்கோ" எண்டு லேசாகச் சொல்கிற புத்திமதி இவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. இந்தச் சனி ஞாயிறைவிட்டால் வேறு சனி ஞாயிறு இல்லாதவர்கள்தான் மழையிலும் ஏறுவதற்குத் தலையாட்டுவார்கள். அது துணிவு இல்லை, நெருக்குதல்.

மூன்றாவது, வெட்கம். உச்சிக்குப் போகாமல் திரும்பி வந்தால் படம் இல்லை. படம் இல்லையெண்டால் போகவில்லை. குழுவில் ஒருவன் "எனக்குச் சரியாப் படேல்ல" எண்டால், "பயந்தாங்கொள்ளி" எண்டு ஒரு சிரிப்பு எழும்பும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து மற்ற ஆறு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். கதைத்துப் பார்த்தால் ஏழு பேரும் பயந்துதான் இருந்திருப்பார்கள்.

எங்கட கரையோர ஊர்களில் மீன்பிடிக்கிறவர்களைப் பாருங்கோ. காற்றைப் பார்த்துவிட்டு வள்ளத்தை இறக்காமல் விட்ட ஆளை ஆரும் பயந்தவர் எண்டு சொல்வதில்லை. கடல் தெரிந்தவர் எண்டுதான் சொல்வார்கள். அவருக்கு அண்டைக்கு உழைப்பு இல்லை, உண்மையான நட்டம். அப்படி இருந்தும் போகமாட்டார். எங்களுக்கு உழைப்பும் போகவில்லை, சோறும் போகவில்லை, ஒரு படம் போகிறது. அதற்கே திரும்ப ஏலாமல் நிற்கிறோம்.

அரசாங்கமே நாளை மாத்தினது. 2024 இலும் 2025 இலும் நவம்பரில் தொடங்கின உயர்தரப் பரீட்சை, மழையாலும் வெள்ளத்தாலும் இடையில் நிறுத்தி ஒத்திவைக்கப்பட்டது. நாடு முழுக்க எழுதுகிற பரீட்சையை மழைக்காக நிறுத்தலாம். இருபது பேர் போகிற பயணத்தை நிறுத்த ஏலாதாம்.

தடை போடுகிறவர்களுக்கும் ஒரு பதில்

இந்த இடத்தில் எங்களுக்குக் கைதட்ட வருகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களின் கைதட்டல் எங்களுக்கு வேண்டாம். ஒரு இளைஞன் வழுக்கி விழுந்த செய்தி வந்தவுடன், "இந்தக் காலத்துப் பெடியளுக்கு விசர், எல்லாத்தையும் தடை செய்யவேணும்" எண்டு எழுதுகிறவர்களைச் சொல்கிறோம். குழுவில் ஒரு பெண்பிள்ளை இருந்துவிட்டால் இன்னும் நாலு வசனம் கூடும். மழை எங்கே, பாறை எங்கே எண்டு ஒரு கேள்வியும் வராது. ஏன் போனவள், ஆரோட போனவள் எண்டுதான் கேள்வி.

தடை ஆரையும் காப்பாற்றாது. தடை போட்ட மலைக்கு ஆக்கள் சொல்லாமல் போவார்கள். சொல்லாமல் போறவர்கள் வழிகாட்டி பிடிக்கமாட்டார்கள், ஊரவரிடம் மழையைப் பற்றிக் கேட்கமாட்டார்கள், வீட்டிலும் வேறு இடத்தின் பெயரைச் சொல்லியிருப்பார்கள். காணாமல் போனால் எந்த மலையில் தேடுவது எண்டே தெரியாது. வீட்டுக்குப் பொய் சொல்ல வைக்கிற கட்டுப்பாடு, மழையில் ஆளைக் கொல்கிற கட்டுப்பாடு. பிள்ளைகளுக்கு உண்மை சொல்லிவிட்டுப் போகக்கூடிய வீடும், திரும்பி வந்தால் சிரிக்காத நண்பர்களும் வேணும்.

அந்தச் சரிவில் ஆக்கள் இருக்கிறார்கள்

எங்களுக்கு மலை ஒரு சனி ஞாயிறு. அந்த மலையில் இருக்கிறவர்களுக்கு அது எல்லா நாளும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனது. அது ஆபத்தான இடம் எண்டு அதற்கு முதலே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடம் இருக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நாட்டில் 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மலைநாட்டில் கன உயிர்களை எடுத்தது மண்சரிவுதான்.

எச்சரிக்கையைக் கேட்டு நடப்பது எங்களுக்கு லேசு. வீட்டில் படுத்திருந்தால் காணும். லயனில் இருக்கிற குடும்பத்துக்கு, அந்த எச்சரிக்கையைக் கேட்டு நடப்பதெண்டால் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு இரவில் பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ போகவேணும். அடுத்த நாள் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை. அந்த நேரத்தில் அதே ஒடுங்கிய ரோட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கட வான் மேலே ஏறுவது என்ன பயணம்? மண் விழுந்து ரோட்டு மூடினால், கிராமத்துக்கு மருந்து கொண்டு போகவேண்டிய ஆக்கள் எங்களையும் சேர்த்துக் காப்பாற்றவேணும். இருட்டில் எங்களைத் தேடி டோர்ச்சோடு ஏறப்போவது அந்த ஊர்ப் பெடியள், பொலிஸ்காரர், காட்டு இலாகாக்காரர். அவர்கள் ஆரும் எங்கட அறிவித்தலில் பெயர் கொடுத்தவர்கள் இல்லை. மழை வந்தாலும் பயணம் நிற்காது எண்டு எழுதுகிறவன், இவர்களின் உயிரையும் சேர்த்துத்தான் எழுதுகிறான், கேட்காமலே.

நாங்கள் சொல்கிற முறை

திகதியை மாத்த ஏலாது. சரி, ஒத்துக்கொள்கிறோம். அப்ப மாத்தவேண்டியது மலையை.

ஒரு பயணத்துக்கு ஒரு இடம் எண்டு அறிவிக்காதீங்கோ, மூண்டு இடம் அறிவியுங்கோ. முதலாவது, நாங்கள் ஏற விரும்புகிற மலை. இரண்டாவது, காற்று மாறினால் போகிற இடம், அதாவது மலைநாட்டின் மற்றப் பக்கம் அல்லது உலர் வலயத்துச் சின்னப் பாறை. மூன்றாவது, எந்தப் பாறையும் இல்லாத இடம். சின்னத் தீவாக இருந்தாலும் எங்களுக்கு இந்த வசதி இருக்கிறது. ஜூலையில் மேற்குச் சரிவு நனைந்தால், கிழக்கில் குடும்பிமலைப் பக்கம் காய்ந்திருக்கும். வடக்கில் இருந்து வருகிறவர்களுக்கு, கண்டி வீதியில் மாத்தளைக்கு முதலே தம்புள்ளையில் இறங்கினால் பிதுரங்கல. மழை அங்கேயும் வந்தால் பொலநறுவையில் பழைய நகரம் பார்க்கலாம். அதே சனி ஞாயிறு, அதே வான், அதே அனுமதி. ஒருத்தியின் லீவும் வீணாகாது. மாறினது உயரம் மட்டும்.

முடிவெடுக்கிற நேரத்தையும் முதலே எழுதி வையுங்கோ. வியாழன் பின்னேரம் அறிக்கையைப் பார்த்து இடத்தைத் தெரியலாம். வெள்ளி மத்தியானம், வெளிக்கிட முதல், திரும்பவும் பார்க்கவேணும். அந்தப் பிரிவுக்கு மஞ்சள் எண்டாலே முதலாவது இடம் இல்லை, அதில் விவாதம் இல்லை. சனி விடிய, மலையடியில், அந்த ஊர் ஆளிடம் கேட்கவேணும். நேற்று இரவு மழையா, ஓடை எப்படி, பாறை நனைஞ்சிருக்கா? அவர் தலையை ஆட்டினால் அதுதான் கடைசித் தீர்ப்பு, ஆப்பு இல்லை.

ஏறத் தொடங்கினால் திரும்புகிற நேரம் வேணும். இடைப்பருவ மாதங்களில் விடிய ஆறு மணிக்கு முதல் அடியெடுத்து, பதினொரு மணிக்கு எங்கே நின்றாலும் அங்கே இருந்து திரும்பவேணும். உச்சிக்கு நூறு மீற்றர் இருந்தாலும் திரும்பவேணும். அந்த நேரத்தைத் தலைவர் மனதில் வைத்திருந்தால் காணாது, எல்லாருக்கும் தெரிந்திருக்கவேணும். அப்பதான் தலைவரே ஆசைப்பட்டாலும் மற்றவர்கள் கையைக் காட்டலாம். இடி கேட்டால் நேரத்தையும் பார்க்கத் தேவையில்லை, அந்த இடத்திலேயே இறக்கம். இடி நின்று அரை மணித்தியாலம் போகும் வரை மொட்டைப் பாறையில் கால் வைக்கக்கூடாது.

குழுவில் ஆராவது ஒருவர் "எனக்குச் சரியில்லை" எண்டால் திரும்பவேணும். காரணம் கேட்கக்கூடாது, வாக்கெடுப்பு வைக்கக்கூடாது. தனியாகத் திருப்பி அனுப்பவும் கூடாது. முதலே இப்படி ஒரு விதி இருந்தால், அதைச் சொல்கிறவர் பயந்தவர் ஆகமாட்டார், விதியைப் பாவித்தவர் ஆவார்.

காசு. முற்பணம் வாங்குங்கோ, பிழையில்லை. வான்காரருக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் வானை ஒரு மலைக்குப் பேசாமல் இரண்டு நாளுக்குப் பேசுங்கோ. எங்களுக்குச் சமைப்பதற்காக மரக்கறி வாங்கி வைத்த கிராமத்து வீட்டுக்கு, நாங்கள் போகாவிட்டாலும் அரைவாசிக் காசு கொடுக்கவேணும். அதை முதலே செலவுக் கணக்கில் போட்டு வையுங்கோ. ஆளுக்குச் சில நூறு ரூபா கூடும். அது திரும்பி வருகிற உரிமைக்குக் கட்டுகிற காசு, ரீசேட்டை விட்டால் சரிக்கட்டலாம்.

கடைசியாக, வீட்டில் ஒருவருக்காவது மூண்டு இடத்தின் பெயரும், திரும்புகிற நேரமும், வழிகாட்டியின் நம்பரும் தெரிந்திருக்கவேணும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990. மலையில் சிக்னல் இருக்காது. அதனால் இந்த நம்பர்கள் ஏறுகிறவனின் போனில் இருப்பதைவிட வீட்டில் இருக்கிறவரின் போனில் இருக்கவேணும்.

"இப்படிப் பாத்தா ஒருநாளும் ஏற ஏலாது"

இந்தப் பதில் வரும் எண்டு எங்களுக்குத் தெரியும். ஏலும். மூண்டு இடத்தோடு போகிற குழு, ஒரு இடத்தோடு போகிற குழுவைவிட வருசத்தில் கன தரம் ஏறும். அவர்களுக்கு எல்லாப் பருவத்திலும் ஒரு பக்கம் திறந்திருக்கும். பயணம் பாழாகும் எண்ட பயம் இல்லாததால் திகதியும் துணிந்து வைக்கலாம். ஒருக்கால் நனைந்த பாறையில் வழுக்கி முழங்கால் போனவன்தான் பிறகு ஒருநாளும் ஏறமாட்டான். ஒருக்கால் இரவு முழுக்கக் காட்டில் நின்ற பிள்ளைக்குத்தான் பிறகு ஒருநாளும் வீட்டில் அனுமதி கிடையாது. அவளுக்கு மட்டும் இல்லை, அந்த ஒழுங்கையில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் கிடையாது.

"ஆபத்து இல்லாட்டி அது என்ன மலையேற்றம்?" எண்டும் கேட்பார்கள். ஆபத்து இருக்கட்டும். பாறையில் அடுத்த பிடி எங்கே எண்டு தேடுகிற ஆபத்து, நாங்கள் தெரிந்து எடுக்கிறது, பழகப் பழகக் குறைக்கக்கூடியது. இடிக்குக் கீழே நிற்கிற ஆபத்தில் பழகுவதற்கு ஒன்றும் இல்லை. எத்தனை மலை ஏறின ஆளெண்டும் மின்னல் பார்க்காது.

ஆகவே, அடுத்த அறிவித்தல் உங்கட போனுக்கு வரும்போது காசு போட முதல் மூண்டு கேள்வி கேளுங்கோ. இது எந்தப் பிரதேச செயலகப் பிரிவு? மழையெண்டால் எங்கே போறம்? எத்தனை மணிக்குத் திரும்புறம்? பதில் இருந்தால் போங்கோ, நல்லாய் ஏறுங்கோ, எங்களுக்கும் சொல்லுங்கோ. "போய்ப் பாப்பம்" எண்டு பதில் வந்தால், அந்தக் காசை வைத்துக்கொண்டு உங்கட நண்பர்கள் நாலு பேரோடு நீங்களே ஒரு பயணம் போடுங்கோ. மூண்டு இடத்தோடு.